தங்க நகையை வீட்டிலேயே சுத்தம் செய்வதும் பாதுகாப்பதும்: முழுமையான வழிகாட்டி

தங்கம் துருப்பிடிக்காது, கறுக்காது. ஆனாலும் தினமும் போட்டிருக்கும் சங்கிலி சில மாதங்களில் மங்கிவிடுகிறது. மோதிரத்தின் உள்பக்கம் அழுக்கு அடைகிறது, தோட்டின் கல் ஒளி இழக்கிறது. இதற்குக் காரணம் இரண்டு. நகையின் மேல் படியும் தலை எண்ணெய், வியர்வை, சோப்பு, பவுடர், மஞ்சள் ஆகியவை ஒன்று. தங்கத்தோடு கலந்திருக்கும் செம்பும் வெள்ளியும் மற்றொன்று. நாம் வாங்கும் 22 காரட் நகையில் 91.6 சதவீதம்தான் தங்கம். 916 என்று நகையில் பொறிப்பது இதைத்தான். 18 காரட் நகையில் தங்கம் 75 சதவீதம். மீதியாக இருக்கும் உலோகங்கள்தான் வியர்வையின் உப்போடும் காற்றிலுள்ள கந்தகத்தோடும் சேர்ந்து நிறம் மாறுகின்றன.

மேலே படிந்த அழுக்கை நீக்கினாலே பெரும்பாலான நகைகள் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அதற்குத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் பொறுமையும் போதும். தங்கம் மிக மென்மையான உலோகம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 2.5 முதல் 3 வரைதான் வருகிறது. நம் விரல் நகமே ஏறத்தாழ 2.5. அழுத்தித் தேய்த்தால் அழுக்கோடு தங்கமும் போகும். இந்த வழிகாட்டி முழுக்க, தேய்ப்பதைக் குறைத்து ஊறவைப்பதைக் கூட்டும் முறையையே சொல்கிறேன்.

படி 1: நகைகளைப் பிரித்து வையுங்கள்

மேசையில் அல்லது தரையில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, எல்லா நகைகளையும் அதன்மேல் வையுங்கள். வெள்ளைத் துணியில் கழன்று விழும் சின்னக் கல்கூடக் கண்ணுக்குத் தெரியும். பிறகு மூன்று கூறாகப் பிரியுங்கள்.

கல் இல்லாத சங்கிலி, வளையல், மோதிரம் ஆகியவை முதல் கூறு. இவற்றைத் தண்ணீரில் ஊறவைக்கலாம். கெட்டியாக இல்லாமல் உள்ளே கூடாக இருக்கும் வளையல், குண்டு போன்றவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். சிலவற்றுக்குள் வடிவம் நசுங்காமல் இருக்க அரக்கு நிரப்பியிருப்பார்கள். சின்ன ஓட்டை வழியே உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியே வராது.

வைரம் போன்ற கெட்டியான கல், பின்பக்கம் திறந்திருக்கும்படி கட்டியது இரண்டாவது கூறு. கடைக்காரர்கள் ஓப்பன் செட்டிங் என்பார்கள். நகையைத் திருப்பிப் பார்த்தால் கல்லின் அடிப்பகுதி தெரியும். இவற்றையும் நனைக்கலாம், ஆனால் நெடுநேரம் ஊறவைக்க வேண்டாம்.

தண்ணீரில் போடவே கூடாதவை மூன்றாவது கூறு. பின்பக்கம் மூடிக் கட்டிய கெம்பு அட்டிகை, பழைய வைரத் தோடு, ஜடாவு வேலை செய்த பதக்கம், முத்து, பவளம், மரகதம், நூலில் கோத்த கருகமணி, எனாமல் வண்ணம் பூசியது, பள்ளங்களில் கறுப்பு நிழல் விட்டுச் செய்த ஆன்டிக் நகை ஆகியவை இதில் வரும். எந்தக் கூறு என்று சந்தேகம் வந்தால் மூன்றாவதில் வைத்துவிடுங்கள். பொதுவாக நகை கெடுவது அழுக்கால் அல்ல, தவறான கூறில் வைத்துக் கழுவுவதால்.

படி 2: நனைக்கும் முன் சோதியுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அழுக்கு நகையை நாளைக்கும் கழுவிக்கொள்ளலாம். பேருந்து நெரிசலில் அறுந்து விழுந்த சங்கிலி திரும்பி வராது.

சங்கிலியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணி கண்ணியாகப் பாருங்கள். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. பதக்கம் தொங்கும் இடத்திலும், கொக்கியை ஒட்டிய முதல் சில கண்ணிகளிலும்தான் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே ஒரு கண்ணி மற்றவற்றைவிட மெலிந்து தெரிந்தால், அந்தச் சங்கிலியைக் கழுவுவதற்கு முன்பே பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அடுத்தது கொக்கி. எஸ் வடிவக் கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, வளையம் நீண்டு முட்டை வடிவமாகிவிட்டதா என்று பாருங்கள்.

கல் நகையைக் காதருகே வைத்து விரலால் மெதுவாகத் தட்டுங்கள். ஆடும் கல் ‘கிடுகிடு’ என்று சத்தம் கொடுக்கும். கல்லைப் பிடித்திருக்கும் கம்பி நுனிகள் துணியில் சிக்கினால், அவை தூக்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அந்த நகையையும் நனைக்க வேண்டாம். சில நேரம் அழுக்குதான் ஆடும் கல்லைப் பிடித்து வைத்திருக்கும். அழுக்குப் போனால் கல்லும் போய்விடும்.

தோட்டின் திருகாணியைத் திருகிப் பாருங்கள். இறுக்கமாகப் போய் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை தேய்ந்துவிட்டது. கையால் செய்த தோடுகளில் ஒரு தோட்டின் திருகாணி இன்னொன்றுக்குச் சரியாகப் பொருந்தாமல் போகலாம். எனவே கழற்றும்போதே வலது, இடது என்று தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மாற்றித் திருகினால் நல்ல மரையும் தேயும்.

சோதிக்கும்போதே ஒவ்வொரு நகையையும் இரண்டு பக்கமும் புகைப்படம் எடுத்துவிடுங்கள். ஹால்மார்க் முத்திரை தெரியும்படி ஒரு படம் வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி கட்டாயம். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் நகையின் தூய்மை விவரத்தைப் பார்க்கலாம். இந்தக் குறி மிக மெல்லிய பொறிப்பு. ஆண்டுக்கணக்கில் அழுத்தித் தேய்த்தால் மங்கிவிடும்; படத்தில் இருந்தால் உதவும்.

படி 3: தேவையானவை

ஒரே அளவில் இரண்டு கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணங்கள், கைபொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, குழந்தைகளுக்கான மிருதுவான பல்துலக்கி, டீ வடிகட்டி, நன்றாகப் பழகிய பருத்தித் துணி. இவ்வளவுதான். அந்தப் பல்துலக்கி இதற்குமுன் பற்பசை படாததாக இருக்கட்டும்.

திரவ சோப்பு பிடிக்காதவர்களுக்குப் பூந்திக்கொட்டை இருக்கிறது. நகை வேலை செய்வோர் தலைமுறைகளாக நம்பிய பொருள் அது. ஐந்தாறு கொட்டைகளின் விதையை நீக்கிவிட்டு, தோலை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தால் நுரை வரும். அதிலுள்ள சாப்போனின் என்ற பொருள் எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துக்கொள்ளும். துணியில் வடிகட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள், தோல் துணுக்குகள் கண்ணிகளில் சிக்கிக்கொள்ளும்.

படி 4: ஊறவையுங்கள், பிறகு துலக்குங்கள்

ஒரு கிண்ணத்தில் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, நான்கைந்து சொட்டு சோப்பைக் கலக்குங்கள். முதல் கூறு நகைகளை அதில் போட்டு இருபது நிமிடம் விடுங்கள். ஒரே நேரத்தில் குவித்துப் போடக் கூடாது. வளையலோடு சங்கிலி உரசினால் இரண்டிலும் கீறல் விழும். நிறைய அழுக்கேறிய நகை என்றால் தண்ணீரை மாற்றி இன்னொரு இருபது நிமிடம் ஊறவையுங்கள். கை வலிக்கத் தேய்ப்பதைவிட இரண்டாம் முறை ஊறவைப்பது நல்லது.

இரண்டாவது கூறான கல் நகைக்கு ஐந்து நிமிடம் போதும். வைரத்துக்கு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. கல்லின் அடிப்பக்கம் பிசுக்கு ஏறினால்தான் வைரம் பால் விட்டதுபோல் தெரிகிறது. அதனால் மேற்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் துலக்கியை அதிகம் ஓட்ட வேண்டும்.

துலக்கும்போது நகையை உள்ளங்கையில் வைத்து, துலக்கியின் எடை மட்டும் மேலே படும்படி ஒரே திசையில் ஓட்டுங்கள். சங்கிலிக்குக் கண்ணிகளின் இடுக்குகள், மோதிரத்துக்கு உள்வட்டம், வளையலுக்குச் சித்திர வேலைப் பள்ளங்கள். இடுக்கில் கெட்டிப்பட்ட அழுக்கை எடுக்க ஊசியோ ஊக்கோ வேண்டாம். இரும்பு முனை தங்கத்தில் கோடு போட்டுவிடும். மரப் பல்குச்சியின் முனையை ஈரமாக்கி அதனால் எடுக்கலாம்.

படி 5: அலசல், உலர்த்தல்

குழாயடியில் காட்டி அலசாதீர்கள். கழுவுதொட்டியின் துளை வழியே போன மூக்குத்தியைத் தேடிக் குழாயைக் கழற்றிய வீடுகள் ஏராளம். இரண்டாவது கிண்ணத்தில் நல்ல தண்ணீர் எடுத்து, நகையை வடிகட்டியில் வைத்து முக்கி முக்கி எடுங்கள். நுரை நிற்கும்வரை தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் அதுவே அடுத்த மங்கலுக்குக் காரணமாகிவிடும். அழுக்குத் தண்ணீரைக் கொட்டும்போதும் அதே வடிகட்டி வழியாகவே கொட்டுங்கள். ஏதாவது கல் கழன்றிருந்தால் அதில் நிற்கும்.

உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் உலர்ந்தால் வெள்ளைத் திட்டு படியும்.

பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, மின்விசிறியின் கீழே குறைந்தது ஒரு மணி நேரம் காய விடுங்கள். காகிதக் கைக்குட்டை வேண்டாம், அதன் நார்கள் கல் கட்டிய இடங்களில் சிக்கும். சங்கிலியின் கண்ணிகளுக்குள் ஈரம் இருக்கும்போதே பெட்டியில் வைத்து மூடினால், செய்த வேலை வீணாகிவிடும்.

தாலிக்கொடிக்குத் தனிக் கவனம்

நம் வீடுகளில் அதிகம் உழைக்கும் நகை தாலிதான். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் தூங்கும்போதும் கழுத்தில் இருப்பதால் மஞ்சள், குங்குமம், எண்ணெய், சோப்பு எல்லாம் அதில்தான் சேர்கின்றன. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே மஞ்சள் கெட்டிப்பட்ட தாலியை நேரே சோப்பில் போடாமல், முதலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, பஞ்சால் துடைத்துவிடுங்கள். அதன்பிறகு சோப்புத் தண்ணீர் எண்ணெயை எடுத்துவிடும். சோப்புக் கட்டியைத் தேய்க்கும்போது மஞ்சள் சிவந்து தண்ணீர் செந்நிறமானால் பயப்பட வேண்டாம். காரத்தில் மஞ்சள் சிவப்பது இயல்பு, தங்கத்துக்கு எதுவும் ஆகவில்லை.

தாலியோடு கோத்திருக்கும் பவளம், முத்து, அரக்குக் குண்டு ஆகியவற்றைக் கழற்றாமல் முழுக் கொடியையும் ஊறவைக்காதீர்கள். கழற்ற முடியாவிட்டால், நனைத்துப் பிழிந்த துணியால் தாலி, லட்சுமி காசு, கொடி ஆகியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று நினைப்பவர்கள், மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக்கொண்டு கொடியைக் கழற்றும் வழக்கம் இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று தாலிக்கயிறு மாற்றும் வீடுகளில், அந்த நாளிலேயே எல்லா உருக்களையும் சுத்தம் செய்து, துளைகளின் விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். கயிறு உரசி உரசி அந்தத் துளைகள் நாளடைவில் அகலும்.

மூக்குத்தியை வாரம் ஒருமுறை கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசினால் போதும். புதிதாகக் குத்திய மூக்கு ஆறும்வரை கழற்றவே வேண்டாம்.

தண்ணீர் படக்கூடாத நகைகள்

பின்பக்கம் மூடிக் கட்டிய கெம்பு நகையில் கல்லுக்குப் பின்னே மெல்லிய பளபளப்புத் தகடு இருக்கும். கல்லின் செக்கச்சிவந்த ஒளி பாதி அந்தத் தகட்டிலிருந்து வருகிறது. தண்ணீர் உள்ளே இறங்கினால் தகடு கறுத்து, கல் செத்ததுபோல் ஆகிவிடும். கல்லைப் பிடித்திருக்கும் அரக்கு வெந்நீரில் இளகும். இந்த நகைகளுக்கு உலர்ந்த மிருதுவான துணி மட்டுமே. மடிப்புகளில் தூசி இருந்தால் ஓவியம் தீட்டும் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளுக்கும் இதே விதிதான். அவை பெரும்பாலும் வெள்ளியின்மேல் தங்கத் தகடு ஏற்றிக் கெம்புக் கல் பதித்தவை.

முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சேர்மத்தால் ஆனவை. எலுமிச்சை, புளி, வினிகர் எது பட்டாலும் மேற்பரப்பு அரித்துப்போகும், திரும்ப வராது. மரகதத்தின் இயற்கையான வெடிப்புகளை நிரப்ப எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வெந்நீரும் சோப்பும் அந்த எண்ணெயை வெளியே இழுத்துவிட்டால் வெடிப்புகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். இந்த மூன்றையும் ஈரத் துணியால் ஒருமுறை, உலர் துணியால் ஒருமுறை துடைப்பதோடு நிறுத்துங்கள். வீட்டில் வாங்கி வைக்கும் அல்ட்ராசோனிக் கருவியில் இவற்றைப் போடவே கூடாது.

18 காரட் வெள்ளைத் தங்கத்தின் மேலிருக்கும் வெண்மை ரோடியம் பூச்சினுடையது. சில ஆண்டுகளில் மஞ்சளாகத் தெரிந்தால் அது அழுக்கல்ல, பூச்சு தேய்ந்ததுதான். கடையில் மறுபூச்சு போட்டுக்கொள்ளலாம். சிதம்பரம் கவரிங் போன்ற முலாம் நகைகளை அணிந்த பிறகு உலர் துணியால் துடைப்பதோடு சரி.

பற்பசை, புளி, சோடா உப்பு

பற்பசையால் நகை பளிச்சென்று ஆவது உண்மை. பற்களைத் துலக்க அதில் சேர்க்கும் சுண்ணாம்புத் துகளும் சிலிக்காத் துகளும் தங்கத்தை மெல்லச் சுரண்டுகின்றன. அந்தப் பளபளப்பு புதிதாகச் சுரண்டிய பரப்பினுடையது. உப்புக்காகிதத்தால் மேசையைத் தேய்ப்பது போன்ற வேலை இது. சோடா உப்பையும் சாம்பலையும் தூளாகத் தேய்ப்பதும் அதே கதைதான். அலுமினியத் தாளும் சோடா உப்பும் சேர்த்து வெந்நீரில் போடும் வித்தை, வெள்ளியின் கறுப்பை நீக்க உதவும். தங்கத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

புளியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். புளியின் அமிலம் செம்பின் கறுப்பைக் கரைப்பதால்தான் குத்துவிளக்கு பளபளக்கிறது. கல் இல்லாத 22 காரட் வளையலில் செம்புக் கறை ஏறியிருந்தால், நீர்த்த புளிக் கரைசலில் ஓரிரு நிமிடம் போட்டு நன்றாக அலசுவதில் பெரிய கேடில்லை. கல் நகைக்கு வேண்டவே வேண்டாம். இப்போது விற்கும் பல மாணிக்கங்களில் வெடிப்புகளைக் கண்ணாடியால் நிரப்பியிருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறுகூட அந்தக் கண்ணாடியை அரிக்கும்.

எப்போது கழற்றி வைப்பது

பிளீச்சிங் பவுடர் தொடும்போதும், நீச்சல் குளத்தில் இறங்கும்போதும் நகை கையில் இருக்கக் கூடாது. குளோரின் நகையிலுள்ள செம்பையும் வெள்ளியையும் தாக்கி, பற்றவைத்த இடங்களை நொறுங்க வைக்கும். 22 காரட்டைவிட 18 காரட்டில் இந்த ஆபத்து அதிகம். கழிவறை ஆசிட்டும் அப்படியே. அந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயு வரும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

பாதரசம் தங்கத்தின் முதல் எதிரி. பழைய தெர்மாமீட்டர் உடைந்து ஒரு துளி பட்டாலும் தங்கம் அதை உறிஞ்சி வெள்ளையாகிவிடும். அப்படி ஆனால் அந்த நகையைப் போடாதீர்கள், வீட்டில் சூடாக்கவும் முயலாதீர்கள். பாதரச ஆவி நஞ்சு. மூடிய டப்பாவில் இட்டு, என்ன நடந்தது என்று சொல்லி நகைக்கடையில் கேளுங்கள்.

மாவு பிசையும்போது மோதிரத்தைக் கழற்றுங்கள். வாசனைத் திரவியம், பவுடர், கிரீம் எல்லாம் பூசி முடித்த பிறகு நகையைப் போடுங்கள். கழற்றும் வரிசை நேர்மாறானது, நகைதான் முதலில்.

எடுத்து வைக்கும் முறை

ஒரு நகைக்கு ஒரு பை. வைரம் தங்கத்தை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் கெம்பையும் கீறும். சங்கிலியைக் கொக்கி மாட்டிய நிலையில் நீளவாக்கில் வைத்தால் சிக்கு விழாது. நகையை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். முத்தை மட்டும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் துணிப் பையில் வையுங்கள். வங்கி லாக்கரில் இருக்கும் நகைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து, இரண்டாவது படியில் சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

பட்டறைக்கு எப்போது, எப்படி

வீட்டு வாசலுக்கு வந்து பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் ஒரு குன்றிமணித் தங்கம்கூடக் கொடுக்காதீர்கள். முதலில் பித்தளை விளக்கையும் வெள்ளிக் கொலுசையும் பளபளப்பாக்கிக் காட்டி நம்பிக்கை பெறுவார்கள். பிறகு தங்கச் சங்கிலியை ஒரு திரவத்தில் போடுவார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த ராஜ திராவகம் தங்கத்தைக் கரைக்கும். நகை திரும்பி வரும்போது பளபளப்பு இருக்கும், எடை குறைந்திருக்கும். கரைந்த தங்கம் அவர்களின் பாத்திரத்தோடு போய்விடும்.

கீறல் விழுந்து மெருகு போன நகை, ஆடும் கல், தேய்ந்த மரை, மெலிந்த கண்ணி ஆகியவை நீங்கள் அறிந்த பத்தரிடமோ நகைக்கடையிலோதான் போக வேண்டும். இயந்திரத்தில் மெருகு போடும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தங்கம் தேய்ந்து போகும். அதனால் முக்கியமான விசேஷம் வரும்போது மட்டும் மெருகு போடுங்கள், ஆண்டுதோறும் வேண்டாம். கொடுக்கும்போது உங்கள் கண்ணெதிரே மில்லிகிராம் வரை எடை போடச் சொல்லி ரசீதில் எழுதி வாங்குங்கள். கண்ணி மாற்றினால் பழைய துண்டைத் திரும்பக் கேளுங்கள். அது உங்கள் தங்கம், கேட்பதில் கூச்சம் வேண்டாம். புதிதாகச் சேர்த்த தங்கத்தின் எடையையும் காரட்டையும் ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். நகை கைக்கு வந்ததும் அதே தராசில் மறுபடி எடை போட்டு, புகைப்படங்களோடு வைத்திருக்கும் பட்டியலில் தேதியையும் புதிய எடையையும் எழுதிவிடுங்கள்.